தண்ணீரில் இறங்கியதும் சிலிண்டர் ஸ்டிராப்பிலிருந்து நழுவுகிறது, உதவி தேவை

திருக்கை:
வணக்கம். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவ் செய்கிறேன். இவ்வளவு நாளும் வாடகை பிசிடிதான் (சிலிண்டரை முதுகில் தாங்கும், காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்), இப்போதுதான் சொந்தமாக ஒன்று வாங்கினேன். ஒற்றை ஸ்டிராப், பிளாஸ்டிக் பக்கிள். படகில் மாட்டும்போது நல்ல இறுக்கம், பக்கிளை மூட இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. ஆனால் தண்ணீருக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் சிலிண்டர் கீழே இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஹோஸ் இழுத்து, மூச்சு விடும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவப் பார்ப்பதை வைத்துத்தான் எனக்கே தெரிகிறது. நேற்று நீமோ ரீஃபில் மேலே வந்தபோது ஸ்டிராப் சிலிண்டரின் தோள்பட்டை வரை ஏறியிருந்தது. சிலிண்டர் வழக்கமான அலுமினியம் 80 (சுமார் 80 கன அடி காற்று பிடிப்பது). ஸ்டிராப்பையே மாற்ற வேண்டுமா?

பவளத்திட்டு:
மாற்ற அவசரப்படாதீர்கள். இறுக்குவதற்கு முன் ஸ்டிராப்பை நனைத்தீர்களா? நைலான் பட்டை தண்ணீர் பட்டால் கொஞ்சம் நீளும், புதுசாக இருந்தால் இன்னும் கூடுதலாக. காய்ந்த பட்டையைப் படகில் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கடலில் அந்த இறுக்கம் நிற்காது. மேலோட்டமாகத் தெளித்தால் போதாது. வாளியில் முக்கி, பக்கிளுக்குள் மடங்கிக் கிடக்கும் பகுதியும் ஊறிய பிறகு மாட்டுங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. சிலிண்டருக்கு வலை போட்டிருக்கிறார்களா? பட்டையின் நுனி பக்கிளின் கடைசிக் கண்ணுக்குள் போகிறதா, இல்லை நேராக வெல்க்ரோவில் ஒட்டுகிறதா?

திருக்கை:
நனைக்கவில்லை. வாடகை பிசிடி எப்போதும் ஈரமாகவே இருக்கும் என்பதால் இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. வலை இருக்கிறது. நுனி நேராக வெல்க்ரோவில்தான்.

சுக்கான்:
தம்பி, அந்தக் கடைசிக் கண்ணை முதலில் சரி செய்யுங்கள். ஈரத்தைவிட அதுதான் எனக்குக் கவலை. வெல்க்ரோ பட்டையின் வால் அலையாமல் இருக்கத்தான், சுமையைத் தாங்க அல்ல. காற்று நிரப்பிய அலுமினியம் 80 ஏறக்குறைய 17 கிலோ வரும். நடுக் கண்ணில் கோத்து, பலமாக இழுத்து, பக்கிளின் விளிம்பில் இருக்கும் கண்ணிலும் கோத்துவிட்டுத்தான் பிடியை மடக்க வேண்டும். பல பக்கிள்களில் கோக்கும் முறை முதுகிலேயே படமாக அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துச் செய்யுங்கள். பிடி மடங்கும்போது உள்ளங்கையால் அழுத்தும் அளவுக்கு எதிர்ப்பு இருக்க வேண்டும். இரண்டு விரலால் மூடினால் தளர்வு. காலால் மிதித்தால்தான் மூடும் என்றால் அளவுக்கு மீறிய இறுக்கம், பிளாஸ்டிக் விரிசல் விடும்.

வலையும் ஒரு காரணம். ஸ்டிராப் வலையைப் பிடித்துக்கொண்டிருக்கும், வலை சிலிண்டர் மேல் வழுக்கும். ஸ்டிராப் உட்காரும் இடத்தில் வலையைச் சுருட்டி இறக்கிவிடுங்கள், பட்டை நேரடியாக உலோகத்தில் படட்டும்.

மாட்டியதும் ஒரு சோதனை: பிசிடியின் மேல் கைப்பிடியைப் பிடித்து, சிலிண்டரைத் தரையிலிருந்து தூக்கி, நன்றாகக் குலுக்குங்கள். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் கழற்றி மறுபடி இறுக்குங்கள். உடனே ஒரு முறை, படகு இடத்தைச் சேர்ந்ததும் இன்னொரு முறை. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், பட்டை தளர்வது அந்த இடைவெளியில்தான்.

கழுத்துப் பட்டை உண்டா? மேலே சின்னதாக ஒரு வளையம் இருந்தால் அதை வால்வின் கழுத்தில் மாட்டுங்கள். சிலிண்டரின் உயரம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமையும். ஸ்டிராப் தளர்ந்தாலும் சிலிண்டர் அதில் தொங்கும், நழுவி விழாது.

நுரைக்கோடு:
இடையில் ஒரு சந்தேகம். மால்டாவில் எஃகு சிலிண்டர் கொடுத்தார்கள். அங்கே என் பக்கிள் முழுதாக மூடவே இல்லை. இதே அலுமினியம் 80-க்குச் சரியாக இருந்த ஸ்டிராப்தான்.

சுக்கான்:
விட்டம் வேறு. அலுமினியம் 80-க்கு 184 மி.மீ. எஃகில் 171-ம் உண்டு, 204-ம் உண்டு. 184-லிருந்து 171-க்குப் போனால் சுற்றளவு 4 செ.மீ. குறையும், 204-க்குப் போனால் 6 செ.மீ. கூடும். அந்த வித்தியாசத்தில் பக்கிள் தன் இடத்தைவிட்டு நகர்ந்து பிசிடியின் முதுகுத் தட்டு விளிம்பில் முட்டும், பிடி பாதியில் நின்றுவிடும். தட்டுக்குள் ஓடும் பட்டையை ஒரு பக்கமாக இழுத்து, பக்கிள் சிலிண்டரின் வளைவின் மேல் தட்டையாகப் படியும்படி மாற்றிக்கொள்ளுங்கள். சிலிண்டர் மாறும்போதெல்லாம் இந்த வேலை உண்டு.

திருக்கை:
அண்ணா, தண்ணீருக்குள்ளேயே நழுவினால் என்ன செய்வது? நேற்று பயந்துவிட்டேன்.

பவளத்திட்டு:
பயம் வரத்தான் செய்யும். உடனே கூட வருபவருக்குச் சைகை காட்டி நில்லுங்கள். ஒரு கையால் ரெகுலேட்டரை வாயோடு பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். உங்கள் பின்னால் வந்து பக்கிளைத் திறந்து, சிலிண்டரை மேலே தள்ளி, மறுபடி இறுக்க வேண்டும். மணல் தரை இருந்தால் அங்கே மண்டியிடுவது நல்லது, பவளத்தின் மேல் வேண்டாம். நீங்களே கழற்ற வேண்டி வந்தால் இடது கையை மட்டும் வெளியே எடுங்கள், வலது கை உள்ளேயே இருக்கட்டும். ரெகுலேட்டர் ஹோஸ் வலப்பக்கமாக வருவதால் வாயிலிருந்து பிடுங்காது. மூழ்குவதற்கான எடைக்கட்டிகள் பிசிடியின் பைக்குள் இருந்தால் பிசிடியைக் கைவிட்டுவிடவே கூடாது. பிசிடி கீழே இழுக்கும், நீங்கள் மேலே மிதப்பீர்கள். சந்தேகமாக இருந்தால் டைவை முடித்துக்கொண்டு ஏறிவிடுங்கள்.

திருக்கை:
இன்று லைட்ஹவுஸ் என்ற டைவ் இடத்தில் இறங்கினோம். ஸ்டிராப்பை ஊறவைத்தேன், வலையை இறக்கினேன், கடைசிக் கண்ணிலும் கோத்தேன். படகு நின்றதும் குலுக்கிப் பார்த்தபோது லேசாக அசைந்தது, மறுபடி இழுத்துக் கட்டினேன். கரை ஏறும்வரை இம்மியும் நகரவில்லை. இருவருக்கும் நன்றி. இனி பிளாஸ்டிக் பக்கிளை எஃகுக்கு மாற்றலாமா?

சுக்கான்:
இப்போதைக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக்கே பல வருடம் உழைக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவையுங்கள். பக்கிளின் மூட்டில் வெள்ளைக் கோடு மாதிரி விரிசல் தெரிந்தாலோ, பட்டை ஓரம் நூல் பிரிந்தாலோ அன்றே மாற்றிவிடுங்கள். அப்போது எஃகு வாங்கலாம், 50 மி.மீ. பட்டைக்கானதா என்று பார்த்து வாங்குங்கள்.