ஞானப்பல் எடுத்தாச்சு: பருப்பு, முட்டை சாப்பிட்டா சீழ் வைக்குமா?

ராத்திரி_ஷிப்ட் (திருச்சி)
நேத்து சாயங்காலம் கீழ் வரிசை ஞானப்பல்லை எலும்பைக் கொஞ்சம் குடைஞ்சு எடுத்தாங்க, தையலும் போட்டிருக்கு. கன்னம் வீங்கிப்போய் ரெண்டு விரல் நுழையற அளவுக்குக்கூட வாய் திறக்கலை. கிளினிக் சீட்டுல 'ஐஸ்கிரீம், யோகர்ட், மேஷ்டு பொட்டேட்டோ'ன்னு இருக்கு. வீட்டுல மாமியார், 'பருப்பு, முட்டை, தயிர் மூணும் ஆகாது, சீழ் வச்சிடும், தையல் ஆறுற வரைக்கும் அரிசிக் கஞ்சிதான்'னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. யார் சொல்றதைக் கேட்கிறது?

சமையல்கட்டு (மதுரை)
மாமியார் பேச்சைக் கேளுங்க தம்பி. பச்சை ரணத்துல பருப்பு வாயு, முட்டை சூடு, கருவாடும் கத்தரிக்காயும் கரப்பான். எங்க வீட்டுல பிரசவமோ ஆபரேஷனோ, பத்தியம் இருந்து யாரும் கெட்டுப்போனதில்லை. அந்தச் சீட்டு எந்த ஊர்க்காரன் எழுதினதோ! நம்ம வீட்டுல யாரு மேஷ்டு பொட்டேட்டோ சாப்பிடறா?

பல்வைத்தியன் (நெல்லை)
சீட்டு விஷயத்துல அக்கா கேட்கிறது நியாயம். வெளிநாட்டுக் காகிதத்தை அப்படியே அச்சடிச்சுக் கொடுக்கிறோம், இட்லின்னு ஒரு வார்த்தை இருக்காது. ஆனா சீழ் கிருமியால வர்றது, பருப்பால வர்றதில்லை. புண் ஆறணும்னா புதுச் சதை வளரணும், அதுக்குப் புரதம் வேணும். ஒரு முட்டையில 6 கிராம் வரைக்கும் இருக்கு. ஒரு கிண்ணம் வெறும் கஞ்சியில 3 கிராம் தேறினா அதிகம். ரெண்டு வாரம் அதை மட்டும் குடிச்சா ஆள் சோர்ந்து போவார், ரணமும் மெதுவாத்தான் ஆறும்.

சமையல்கட்டு (மதுரை)
அப்போ எங்க பாட்டி காலத்துல யாருக்கும் ரணம் ஆறலையா டாக்டர்?

பல்வைத்தியன் (நெல்லை)
ஆறிச்சு அக்கா. காரம் இல்லாம, குழைவா, ஆறவச்சுக் கொடுத்தாங்களே, அது முழுக்க சரி. முதல் ரெண்டு நாளைக்கு நான் சொல்றதும் அதேதான். எனக்குத் தகராறு பருப்பையும் முட்டையையும் தள்ளி வைக்கிறதுல மட்டும்தான்.

குறுக்குக்கேள்வி (சென்னை)
டாக்டர்கிட்ட எனக்கும் கேள்வி இருக்கு. பல் எடுத்த யாரைப் பார்த்தாலும் ஐஸ்கிரீம்னு எழுதித் தர்றீங்க. எங்க அப்பாவுக்குச் சர்க்கரை. அவருக்கும் அதே சீட்டுதான். சர்க்கரை ஏறினா புண் ஆறத் தாமதமாகும்னு சொல்றதும் நீங்கதானே? அப்புறம் பல் எடுத்தா ஸ்ட்ரா வச்சு உறிஞ்சக் கூடாதுன்னு ஒரு பயம். ஸ்ட்ராவாலதான் டிரை சாக்கெட், அதாவது பல் எடுத்த குழியில எலும்பு திறந்துபோய் வர்ற வலி, வருதுன்னு யாராவது நிரூபிச்சிருக்காங்களா?

பல்வைத்தியன் (நெல்லை)
சர்க்கரைக்காரருக்கு ஐஸ்கிரீமும் வேண்டாம், வெல்லம் போட்ட கஞ்சியும் வேண்டாம். குளிர்ச்சி வேணும்னா உப்பு போட்ட நீர்மோர் போதும். இதுல இன்னொரு ஆபத்து, வாய் வலிக்குதுன்னு சாப்பாட்டைத் தவிர்த்துட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கிறது. சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். மாத்திரை அளவை அவருக்குச் சர்க்கரை பார்க்கிற டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டுக்கணும்.

ஸ்ட்ரா பத்தி: குழியில உறையற ரத்தம்தான் உள்ளே இருக்கிற எலும்புக்கு மூடி. அது பெயர்ந்து போனாலோ கரைஞ்சாலோ டிரை சாக்கெட். உறிஞ்சினா பெயரும்னு சொல்றது முன்னெச்சரிக்கை, ஆதாரம் பலமா இல்லைதான். சிகரெட்தான் பெரிய வில்லன். ஆனாலும் டம்ளர்ல ஊத்திக் குடிக்கிறதுல யாருக்கு என்ன நஷ்டம்? இளநிக்கடைக்காரர் சீவின கையோட ஸ்ட்ராவைச் சொருகித் தந்திடுவார், அதை எடுத்துப் போட்டுட்டு டம்ளர்ல ஊத்திக்கோங்க.

கோவைக்காரி (கோவை)
உப்புமா பத்தி யாருமே வாயைத் திறக்கலையே. மெத்துன்னு இருக்குன்னு எனக்கு ரவா உப்புமா கிண்டிக் கொடுத்தாங்க. ரவை குருணையும் தாளிச்ச கடுகும் குழிக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு. நாக்குக்குத் தெரியுது, எடுக்க முடியலை. அன்னைக்கு ராத்திரி முழுக்க அதே ரோதனை. தாளிப்பே வேண்டாம். தக்காளி விதை, எள்ளு, கசகசா எல்லாத்துக்கும் அதே கதிதான்.

பல்வைத்தியன் (நெல்லை)
அருமையான பாயிண்ட். போனதை ஊசி, குச்சின்னு வச்சு நோண்டாதீங்க. பல் எடுத்து 24 மணி நேரம் போனதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியை வாயில வச்சு, தலையை மெல்லச் சாய்ச்சு, அப்படியே வழிய விடுங்க. வேகமாகக் கொப்பளிச்சுத் துப்பக் கூடாது.

சமையல்கட்டு (மதுரை)
சரி, மாத்திரை சாப்பிடும்போது பாலும் தயிரும் ஆகாதுன்னு சொல்வாங்களே, அதுவும் பொய்யா?

பல்வைத்தியன் (நெல்லை)
பாதி நிஜம். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி சில மருந்தைப் பால்ல இருக்கிற கால்சியம் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சரியா சேராது. அதனால இடைவெளி விடணும். பல்லுக்கு அதிகமா எழுதற அமாக்ஸிசிலினுக்கு அந்தத் தொல்லை இல்லை. மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தா வாய் தகரம் மாதிரி இருக்கும், சமையல் மேல பழி போடாதீங்க. அந்த மாத்திரையோட மது கூடவே கூடாது. தயிர் புளிச்சிருந்தா ரணத்துல எரியும், அன்னன்னைக்கு உறை ஊத்தினது நல்லது.

ராத்திரி_ஷிப்ட் (திருச்சி)
அப்போ இன்னைக்கு ராத்திரிக்கு எனக்கு என்ன? சுருக்கமா சொல்லுங்க டாக்டர்.

பல்வைத்தியன் (நெல்லை)
பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வேகவச்ச கஞ்சி, தாளிக்காம. இல்லேன்னா பால்ல ஊறின இட்லி. வாய் திறக்காததால சின்ன ஸ்பூன் எடுத்துக்கிட்டு மறுபக்கமா ஊட்டிக்கோங்க. சூடு ஆறட்டும். நாளையிலிருந்து கலக்கின முட்டை, தேங்காய்ப்பால்ல ஊறின இடியாப்பம், வேகவச்சு மசிச்ச நேந்திரம், ராகிக் கூழ். வீக்கம் ரெண்டு மூணு நாள் ஏறத்தான் செய்யும், பயப்படாதீங்க. ஆனா வலி குறைஞ்சுக்கிட்டே வந்து, மூணாவது நாள் வாக்குல திடீர்னு காது வரைக்கும் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எடுத்தவரைப் போய்ப் பார்த்துடுங்க.

குறுக்குக்கேள்வி (சென்னை)
இதைத்தான் சீட்டுல அடிச்சுக் கொடுங்கன்றேன்.

சமையல்கட்டு (மதுரை)
பாசிப்பருப்பு குளிர்ச்சி, அது பரவாயில்லை. முட்டைக்கு நான் ஒத்துக்க மாட்டேன். கருவாடு கண்டிப்பா கிடையாது.

பல்வைத்தியன் (நெல்லை)
கருவாட்டுல முள்ளும் உப்பும் இருக்கு. அதுல நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி அக்கா.

ராத்திரி_ஷிப்ட் (திருச்சி)
மாமியார்கிட்ட 'கஞ்சி'ன்னு மட்டும் சொல்லியிருக்கேன், பருப்பைப் பத்தி மூச்சு விடலை.

சமையல்கட்டு (மதுரை)
குக்கர் ரெண்டாவது விசில்ல வாசனை வரும் தம்பி. அவங்களுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?