கணவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம், இப்போது எனக்கு முடியவில்லை

அவருக்கு வயது 56. வலது கை கால் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஒரு மாதமாகப் பசி இல்லை, அவர் தூங்கும்போதுகூட எனக்குத் தூக்கம் வருவதில்லை. போன வாரம் சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டார், நான் கையை ஓங்கிவிட்டேன். அப்புறம் அடுப்படியில் போய் உட்கார்ந்தால் அழுகைகூட வரவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அவர் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்கிறார்கள். நான் கெட்டவளாகிவிட்டேனா?

தேனிக்காரன்:
இல்லை அக்கா. எங்கள் அம்மாவும் அப்பாவை இப்படித்தான் பார்த்தார். தினமும் பூ வைக்கிற சாமி படத்தில் பூ காய்ந்து கிடந்ததைப் பார்த்தும் பிள்ளைகள் எங்களுக்கு உறைக்கவில்லை. அப்பாவுக்கு பிசியோ செய்ய வந்தவர்தான், "நீங்க கடைசியா எப்பம்மா நல்லா தூங்குனீங்க?" என்று கேட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனோம், டிப்ரஷன் என்றார். மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை மாதத்தில் அம்மா பழையபடி பேச ஆரம்பித்தார். சொந்தக்காரர்களிடம் பொதுவாக உதவி கேட்காதீர்கள், ஞாயிறு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வந்து அவர் பக்கத்தில் இருங்கள் என்று நேரம் குறித்துக் கேளுங்கள்.

வார்டு நர்ஸ்:
பக்கவாத நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருக்கின்றன. பாசம் குறைந்ததால் வருவதில்லை அம்மா, இது வியாதி, வைத்தியம் இருக்கிறது. எதிலும் நாட்டமில்லாமல், பசி தூக்கமில்லாமல் இரண்டு வாரம் போனாலே காட்ட வேண்டும், உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. அவர் தட்டைத் தட்டியதும் உங்கள் மேல் உள்ள வெறுப்பில் இருக்காது, மூளை பாதித்தால் கோபம் கட்டுக்கு அடங்காது, பேச்சும் வராதவருக்கு வேறு வழி என்ன இருக்கிறது? மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தால்கூட அந்த நிமிடமே கூப்பிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தீர்களா?

கேட்டவர்:
பதியவில்லை, தெரியாது. நேற்று ராத்திரி 14416இல் பேசினேன், அங்கேதான் அழுகை வந்தது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், நாத்தனார் காலையிலேயே வந்துவிடுகிறேன் என்றிருக்கிறார்.