வக்கீல் தேடியதும் வாய்தா பார்த்ததும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

புகார்தாரரின் அண்ணன்:

2022இல் வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் என் தம்பியைக் கடப்பாரையால் அடித்துவிட்டார். இடது முன்கை எலும்பு முறிந்தது. எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், இ.பி.கோ. 326, அதாவது ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தியது என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சில மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். சொந்தக்காரர் ஒருவர் கைகாட்டிய வக்கீலிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இனி கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். காலையில் வீட்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிள். "உங்க தம்பி பேருக்கு வாரண்ட் இருக்கு" என்றார். அடி வாங்கினவனுக்கே வாரண்டா என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். விஷயம் இதுதான்: தம்பி சாட்சி சொல்ல வரவேண்டும் என்று சம்மன் மேல் சம்மன் போயிருக்கிறது, எல்லாம் நாங்கள் காலி செய்த பழைய வாடகை வீட்டு முகவரிக்கு. வழக்கு கூப்பிடும்போதெல்லாம் எங்கள் தரப்பில் ஒருவரும் இல்லை. வக்கீலுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் ஹைகோர்ட்டில் சிவில் வழக்கு பார்ப்பவர். எங்கள் வழக்கோ மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில். அந்த வராந்தாவுக்கு அவர் வருவதே அபூர்வம்.

கோர்ட்டில் மனு போட்டு வாரண்டை ரீகால், அதாவது ரத்து செய்த பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். மூன்று நாள் லீவு போட்டு அதே கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாலியல் குற்ற வழக்குகள், போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டம்) மாதிரியானவை தவிர மற்ற விசாரணைகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். இதுவே எனக்கு அதுவரை தெரியாது.

மூன்று நாளில் நிறையப் புரிந்தது. சிலர் வழக்கு கூப்பிட்டதும் எழுந்து "சீனியர் ஹைகோர்ட்ல இருக்காருங்கய்யா, ஒரு வாய்தா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் வழக்குக் காகிதக் கட்டைப் பிரித்து எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அங்கே நின்றுதான் தேடுகிறார்கள். ஒரு பெண் வக்கீல் மட்டும் மூன்று நாளும் பத்தே காலுக்கு வந்துவிட்டார். கட்டில் ஆங்காங்கே துண்டுக் காகிதம் செருகி வைத்திருந்தார். வெளியே வந்ததும் கட்சிக்காரப் பாட்டியின் கைப்பையிலிருந்த சின்ன நோட்டை வாங்கி, அடுத்த வாய்தாத் தேதியையும் எதற்காக வாய்தா என்பதையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்விகள்: குற்ற எண் என்ன, எந்த ஸ்டேஷன், சி.சி. நம்பர் என்ன, கடைசியாக எதற்காக வாய்தா போட்டார்கள்? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றைப் புகார்தாரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். போலீஸ் போட்ட குற்ற வழக்கை நடத்துவது அரசு. சாட்சிகளை விசாரிக்கிறவர் ஏ.பி.பி., அதாவது அரசு உதவி வழக்கறிஞர். நாம் வைக்கிற வக்கீல் அவருக்கு உதவியாக நிற்கலாம். சாட்சியம் முடிந்தபின் கோர்ட் அனுமதியோடு எழுத்துப்பூர்வ வாதம் கொடுக்கலாம். தானே எழுந்து வழக்கை நடத்த முடியாது. "நான் வந்து எதிரியை வறுத்தெடுத்துடுவேன்னு சொல்லமாட்டேன். ஏ.பி.பி.க்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பேன், சாட்சிகளைத் தேதிக்குக் கொண்டுவந்து நிறுத்துவேன்" என்றார். முடியாததை முடியாது என்று சொன்ன முதல் வக்கீல் அவர்தான்.

உங்களுக்கு எப்படி நடந்தது?

ரிமாண்டில் இருந்தவரின் மனைவி:

நான் எதிர்ப்பக்கத்து ஆள். என் வீட்டுக்காரரைத் திருட்டு வழக்கில் ராத்திரி வந்து அழைத்துப் போனார்கள். மறுநாள் கோர்ட் வாசலில் அலைமோதிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, "நாளைக்கே ஜாமீன், முழுத் தொகையும் இப்பவே குடுத்திடணும்" என்றார். வக்கீலா என்று கேட்டேன், வக்கீலுக்கு வேண்டியவர் என்றார். கையில் இருந்த வளையலைக் கழற்றப் போனேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாதான் தடுத்து, அதே வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தைக் காட்டினார்.

காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்று எதுவும் கேட்கவில்லை. 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழிகாட்டுகிறார்கள். இலவசம் என்றால் ஏனோதானோ என்று இருப்பார்கள் என்று நிறையப் பேர் என்னைப் பயமுறுத்தினார்கள். எனக்கு வந்தவர் சின்ன வயசுப் பையன். முதல் நாளே ஒரு காகிதத்தில் ரிமாண்ட் தேதியை, அதாவது மாஜிஸ்ட்ரேட் காவலில் வைக்க உத்தரவிட்ட தேதியை எழுதி, 60 என்று போட்டு வட்டம் கட்டினார். அந்த மாதிரி வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. பெரிய குற்றங்களுக்கு 90 நாள். கைது செய்த நாளிலிருந்து எண்ணக்கூடாது, ரிமாண்ட் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டும். போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவருவதற்கு முன்னாடி நம் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

முதலில் போட்ட ஜாமீன் மனு தள்ளுபடியானது. நான் தினமும் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். 60 முடிந்ததும் மறுநாள் கோர்ட் திறக்கும்போதே அவர் மனுவோடு நின்றார். ஜாமீன் கிடைத்தது. அந்தத் தம்பி நல்லா இருக்கணும்.

வக்கீல் குமாஸ்தா:

பல வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். மேலே அண்ணன் எழுதிய நான்கு கேள்விகளை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டலாம். நம்பர் விஷயத்தில்தான் ஜனங்கள் குழம்புகிறார்கள், அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஸ்டேஷனில் கொடுப்பது குற்ற எண், அதாவது எஃப்.ஐ.ஆர். நம்பர். கோர்ட் குற்றப்பத்திரிகையைக் கோப்புக்கு எடுத்த பிறகு வேறு நம்பர் விழும். மாஜிஸ்ட்ரேட்டே விசாரிக்கிற வழக்கு என்றால் சி.சி., பெரிய குற்றங்களை விசாரிக்கும் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியது என்றால் முதலில் பி.ஆர்.சி., அங்கே போனதும் எஸ்.சி. ஒரே கொலை வழக்குக்கு மூன்று நம்பர் ஆகிவிடும். பழைய நம்பரை வைத்துக்கொண்டு வந்து 'கேஸே இல்லையாம்' என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் மேலே சி.என்.ஆர். என்று எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கத்தில் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கீழ்க்கோர்ட்டு வழக்கு என்றால் டி.என். என்று ஆரம்பிக்கும். அதை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த தேதி, எந்தக் கட்டம், போன வாய்தாவில் என்ன நடந்தது எல்லாம் வரும். சி.என்.ஆர். தெரியாவிட்டால் ஸ்டேஷன் பெயரும் எஃப்.ஐ.ஆர். நம்பரும் வருடமும் போட்டுத் தேடலாம். ஆனால் ஆப்பை மட்டும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள். தேதி ஏற்றுவதற்குச் சில சமயம் தாமதமாகும். வாய்தா அன்று நேரில் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் உறுதி.

எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும். முகவரி மாறினால் ஸ்டேஷனிலும் ஏ.பி.பி. அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அண்ணன் வீட்டுக்கு வந்த மாதிரி, சம்மன் கிடைக்காமலே வாரண்ட் வருவதைத் தவிர்க்கலாம்.

வக்கீலை மாற்றியவர்:

என் அக்கா மரண வழக்கில் பழைய வக்கீல் வழக்குக் கட்டைத் தரமாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டார், ஃபீஸ் பாக்கி என்று. நாங்களும் பல மாதம் பயந்துகொண்டு இருந்தோம். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் வருடமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லி எழுத்தில் கேட்டதும் கொடுத்துவிட்டார். எதிரிகள் ஜாமீன் கேட்டபோது புது வக்கீல் எங்கள் சார்பில் இடையீட்டு மனு போட்டார். உத்தரப்பிரதேசத்தில் விவசாயிகள் மேல் கார் ஏற்றிய லகிம்பூர் கேரி வழக்கில் 2022இல் வந்த தீர்ப்பைக் காட்டி, பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்றார். கேட்டார்கள். ஜாமீன் கிடைத்துவிட்டது என்றாலும் சாட்சிகள் இருக்கும் ஊர்ப்பக்கம் போகக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அம்மா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

புகார்தாரரின் அண்ணன்:

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி, நீங்கள் காலண்டரில் கோடு போட்டதைப் படித்து மனசு கனத்துவிட்டது.

போன வாய்தாவில் தம்பியை விசாரித்தார்கள். கூண்டில் ஏறியதும் கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. ஏ.பி.பி. நிதானமாகக் கேட்டார். குறுக்கு விசாரணை ஒரு மணி நேரம் போனது. 'நீயே தடுக்கி விழுந்தாய்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். தம்பி மாறவில்லை.

முடிந்ததும் டைப் செய்த சாட்சியத்தைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். படிக்காமல் போடாதே என்று எங்கள் வக்கீல் முன்பே சொல்லி வைத்திருந்தார். இரண்டாம் பக்கத்தில் 'வலது கை' என்று இருந்தது. தம்பி நின்று, "ஐயா, இடது கைங்க" என்றான். நீதிபதி வாங்கிப் பார்த்து, அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்திட்டார். எக்ஸ்ரேயில் இருப்பது இடது கை. அந்த ஒரு சொல் அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

அடுத்து டாக்டர் சாட்சி. தேதியைப் பாட்டியின் நோட்டு மாதிரியே ஒரு நோட்டில் எங்கள் வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கும் பத்தே காலுக்குப் போய்விடுவேன்.