அமெரிக்க நாடகங்களில் நிஜமும் மாயையும்: மேடையில் எங்கே பிடிபடுகிறது, எங்கே நழுவுகிறது? (அனுபவப் பகிர்வு)

முன்வரிசை:

ஓநீல், வில்லியம்ஸ், மில்லர், ஆல்பீ வரிசை நாடகங்களைப் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரே பல்லவிதான்: “பாத்திரங்கள் மாயையில் வாழ்கிறார்கள், கடைசியில் உண்மையைச் சந்திக்கிறார்கள்.” இதை வைத்துக்கொண்டு ஒரு காட்சியைக்கூட ஒத்திகை பார்க்க முடியாது. மேடையேற்றியவர்கள், வகுப்பில் நடத்தியவர்கள், பிரதியோடு மல்லுக்கட்டியவர்கள் எழுதுங்கள். எந்தக் காட்சி, எந்தப் பொருள், எது சொதப்புகிறது, ஏன்? சொந்தக் கதை வேண்டாம், நாடகத்தைப் பேசுவோம்.

ஒளிமேடை:

மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் மேடையேற்றம் 1949 பிப்ரவரி 10, நியூயார்க் மொராஸ்கோ அரங்கு. இயக்கம் எலியா கசான், அரங்க வடிவமைப்பு ஜோ மீல்சினர். மில்லர் முதலில் யோசித்த தலைப்பு ‘அவன் தலைக்குள்ளே’ என்ற பொருள் தருவது. வடிவமைப்பு முழுக்க அதற்குள் அடக்கம்.

எல்லாரும் சறுக்குவது நாயகனான கிழட்டு விற்பனையாளன் வில்லி லோமனின் பழைய காட்சிகளை ஃபிளாஷ்பேக் என்று எடுத்துக்கொள்வதில். உடனே நீல விளக்கு, பழுப்பு விளக்கு, புகை. அந்தக் காட்சிகள் நடப்பது இப்போது, இந்தக் கிழவனின் மண்டைக்குள். அதனால் வில்லிக்கு உடை மாற்றாதீர்கள், ஒப்பனை மாற்றாதீர்கள். பிரதி கேட்பது இலை நிழலும் இசையும்தான். அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருக்கி நிற்கும் வீட்டின் மேல் மரத்து நிழல் விழுந்தால், காலம் மாறிவிட்டது என்பது புரிந்துவிடும்.

அடுத்தது சுவர் விதி. இதை மில்லரே குறிப்பில் தருகிறார். நிகழ்காலக் காட்சியில் நடிகர்கள் இல்லாத சுவரை இருப்பதாக மதித்து, இடப்பக்கக் கதவு வழியாக மட்டுமே வீட்டுக்குள் போக வேண்டும். வில்லியின் நினைவு ஓடும்போது சுவரை ஊடுருவி முன்மேடைக்கு வரலாம். முதல் நாள் ஒத்திகையிலேயே தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் ஒரே ஒருவர் நிகழ்காலத்தில் கோட்டைத் தாண்டினாலும் போதும், பார்வையாளருக்கு அதன் பிறகு எது நிஜம் என்ற பிடி கிடைக்காது.

மாடியில் படுத்திருக்கும் வில்லியின் மகன்கள் பிஃப்பும் ஹேப்பியும் சில நிமிடங்களில் சிறுவர்களாகக் கீழே வர வேண்டும். மீல்சினர் கட்டிலுக்குள் லிஃப்ட் வைத்து, பார்வையாளர் கண்ணில் படாமல் அவர்களை இறக்கினார். நம் வசதிக்குப் போர்வைக்குள் தலையணை வைத்து இருட்டில் இறக்கினாலும் சரி. அதற்கான நேரத்தை மில்லரே தந்திருக்கிறார்: வில்லி சமையலறையில் தனியாக, கார் பாலிஷ் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் பகுதி. “நீளமாக இருக்கிறது” என்று அதை வெட்டும் இயக்குநர், பையன்கள் மூச்சிரைக்க ஓடி வருவதைத்தான் பார்ப்பார்.

நாடகத்தின் உயிர்நிலை எனக்கு ஒரு கணக்கில் இருக்கிறது. பிராவிடன்ஸில் 500 கிராஸ் (ஒரு கிராஸ் 12 டஜன்), பாஸ்டனில் 700 கிராஸ் விற்றதாக வில்லி அளக்கிறான். மனைவி லிண்டா பென்சிலை எடுத்துக் கமிஷன் போடுகிறாள்: 212 டாலர். உடனே அவன் இறங்க ஆரம்பிக்கிறான். கடைசியில் மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 200 கிராஸ்தான். கமிஷன் 70 டாலரும் சில்லறையும். அவள் அதையும் நன்றாக இருக்கிறது என்கிறாள். பிறகு ஃபிரிட்ஜ் தவணை, அது இது என்று கூட்டி, 15ஆம் தேதிக்குள் 120 டாலர் தேவை என்கிறாள். இங்கே லிண்டா அதிர்ச்சியடைந்தால் காட்சி செத்தது. அவளுக்கு இது பழக்கம். அவன் முதலில் சொன்ன எண்ணையும் உண்மையான எண்ணையும் ஒரே தாளில் எழுத அவளுக்குத் தெரியும்.

பிரதிமேய்ப்பர்:

ஒளிமேடை சார், லிண்டாவைப் பிடித்தது சரியான இடம். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் சொல்லும் சுயஏமாற்று அங்கேதான் இருக்கிறது. பொய் சொல்பவனுக்கு உண்மை தெரியும். தன்னையே ஏமாற்றிக்கொள்பவனுக்கும் தெரியும், தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ள அவன் ஓயாமல் உழைக்க வேண்டும். அந்த உழைப்பில் வீட்டார் பங்கும் உண்டு. தற்கொலைக்காகச் சுடுநீர்க் கருவிப் பக்கம் வில்லி ஒளித்து வைத்திருக்கும் ரப்பர் குழாயை லிண்டா தினமும் எடுத்துவிடுகிறாள். அவன் வீடு திரும்புவதற்குள் இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள், அவனை அவமானப்படுத்தக் கூடாதாம். இந்த வசனத்தை அழுகையோடு சொல்ல வைப்பது வழக்கமான தவறு. அன்றாட வீட்டு வேலை ஒன்றைச் சொல்கிற குரலில் சொன்னால்தான் அரங்கு உறையும்.

ஆய்வேடு எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘தி ஐஸ்மேன் கம்மெத்’ நாடகத்தில் சார்த்தரின் தாக்கம் என்று எழுதாதீர்கள். ஓநீல் அதை எழுதி முடித்தது 1939இல். சார்த்தரின் முக்கியத் தத்துவ நூல் பிரெஞ்சில் வந்ததே 1943இல், ஆங்கிலத்துக்கு வந்தது 1956இல். ஓநீலுக்குப் பின்னால் தேட வேண்டியது நீட்சேயையும், 1884இல் ‘காட்டு வாத்து’ நாடகத்தில் வாழ்வைத் தாங்கும் பொய் பற்றிப் பேசிய இப்சனையும். தாக்கம் வேறு, ஒப்புமை வேறு. ஒப்பிட்டுப் பேசத் தடையில்லை.

ஐஸ்மேனின் களம் 1912, நியூயார்க்கில் ஹாரி ஹோப் நடத்தும் சாராயக் கடை. ஒவ்வொருவருக்கும் ஒரு “நாளைக்கு” உண்டு: நாளை வேலைக்குப் போவேன், நாளை தெருவில் இறங்குவேன். அவர்களுக்குப் பழக்கமான விற்பனையாளன் ஹிக்கி வந்து, போய்ச் செய்துபார் என்று தள்ளிவிடுகிறான். போனவர்கள் உடைந்து திரும்புகிறார்கள். ஹோப் தெருவைக் கடக்கவே முடியாமல் திரும்பி, கார் மோதப் பார்த்தது என்று சாக்குச் சொல்கிறான். அதன் பிறகு நடப்பதுதான் முக்கியம்: விஸ்கியில் போதை ஏறவில்லை என்று எல்லாரும் புலம்புகிறார்கள். சரக்கு அதேதான், நாளை இல்லாமல் போனதால் வேலை செய்யவில்லை. மனைவியைக் கொன்ற ஹிக்கி, அப்போது தனக்குப் புத்தி பிசகியிருந்தது என்று சொன்னவுடன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்: பைத்தியக்காரன் சொன்னதை நம்பினோம், அவ்வளவுதான். உடனே விஸ்கி ஏற ஆரம்பிக்கிறது. நடிகர்கள் இந்த இரண்டு மாற்றங்களையும் உடம்பில் காட்ட வேண்டும். முதல் அங்கத்திலேயே தள்ளாடிக் குடிகாரன் வேஷம் கட்டினால், மூன்றாம் அங்கத்தில் காட்ட எதுவும் மிஞ்சாது. இவர்கள் பழகிய குடிகாரர்கள், அசைவில் நிதானம் இருக்கும்.

நாடகம் நாலு மணி நேரத்துக்கு மேல். வெட்டத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். ஒரே விஷயத்தை 18 முறை சொல்லியிருக்கிறீர்கள் என்று தயாரிப்புத் தரப்பில் ஓநீலிடமே சொன்னார்களாம், 18 முறை சொல்லவே நினைத்தேன் என்றாராம் அவர். வெட்டினால் அந்தப் பல்லவி கிழவர்களின் பழக்கமாகக் காதில் விழாது, கருத்தாக மட்டும் விழும். 1946 அக்டோபரில் முதலில் மேடையேறியபோது கலவையான வரவேற்பு. 1956இல் ஹொசே கின்டெரோ இயக்கத்தில், ஜேசன் ரோபார்ட்ஸ் ஹிக்கியாக நடித்த மேடையேற்றம்தான் நாடகத்தைத் தூக்கி நிறுத்தியது.

மூன்றாம்மணி:

விளக்கு விஷயம் யாரும் எழுதவில்லையே. வில்லியம்ஸின் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ (1947) போடுகிறவர்கள் காகிதக் கூண்டு விளக்கை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. தங்கை ஸ்டெல்லா வீட்டில் வந்து தங்கும் பிளான்ச் அதை வாங்கி வருகிறாள், 3ஆம் காட்சியில் தன்மேல் ஆசைப்படும் மிட்ச்சிடம் சொல்லிப் பல்பின் மேல் மாட்ட வைக்கிறாள். 9ஆம் காட்சியில் அதே மிட்ச் கிழித்தெறிந்து, விளக்கைப் போட்டு அவள் முகத்தைப் பார்க்கிறான். 11இல் ஸ்டெல்லாவின் கணவன் ஸ்டான்லி மறுபடி பிய்த்து அவளிடம் நீட்டுகிறான், தானே கிழிபட்டதுபோல் அலறுகிறாள். ஆக, ஒரு மேடையேற்றத்துக்குக் குறைந்தது 2 கூண்டுகள், கையிருப்பாக ஒன்று. கடையில் விற்கும், உள்ளே கம்பிச்சுருள் உள்ளது உதவாது. இழுத்தால் கிழியாமல் நசுங்கித் தொங்கும், அரங்கு சிரித்துவிடும். மெல்லிய டிஷ்யூ தாளைக் கம்பி வளையத்தில் நாலே இடத்தில் ஒட்டுங்கள். கிழியும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். நடிகரின் கை பல்புக்கு அருகே போவதால் குறைந்த வோல்டேஜ் எல்.இ.டி. போடுங்கள், சாதாரண பல்பு சூட்டில் தாள் பற்றும்.

இன்னொன்று, வர்சோவியானா என்னும் போல்கா இசை. அது பிளான்ச்சுக்கு மட்டும்தான் கேட்கிறது. இளவயதில் தற்கொலை செய்துகொண்ட கணவனின் நினைவோடு வரும், துப்பாக்கி வெடித்ததும் நின்றுவிடும். மற்ற நடிகர்கள் அந்த இசைக்குத் தலை திருப்பக் கூடாது, நடையைக்கூட அதன் தாளத்துக்கு ஒட்டவைக்கக் கூடாது. ஒலிபெருக்கியை அரங்கின் பின்புறம் வைப்பவர்கள் உண்டு. அது பொதுப் பின்னணி இசையாகிவிடும். அவள் நிற்கும் பக்கத்துச் சிறிய ஸ்பீக்கரிலிருந்து வரட்டும்.

மாயைக்காரி பிளான்ச் ஒருத்திதான் என்று நினைத்தால் நாடகம் பாதிதான் புரிந்தது. ஸ்டான்லி தன்னைப் பலவந்தப்படுத்தினான் என்று அவள் சொன்னதை நம்பிவிட்டு அவனோடு தொடர்ந்து வாழ முடியாது என்று ஸ்டெல்லா மாடிவீட்டு யூனிஸிடம் சொல்கிறாளே, அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். அவள் தேர்ந்தெடுக்கிறாள். விலையை அக்கா கொடுக்கிறாள். 1951 திரைப்படத்தில் தணிக்கை விதிகளுக்காக ஸ்டெல்லா கணவனை விட்டுப் போவதாக முடிவை மாற்றினார்கள். படத்தைப் பார்த்துவிட்டு நாடகத் தேர்வு எழுதுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

முன்வரிசை:

மூன்றாம்மணி, ‘தி கிளாஸ் மெனாஜெரி’ பற்றியும் ரெண்டு வரி?

மூன்றாம்மணி:

ரெண்டே வரி. பிரதி இரண்டு விதமாகக் கிடைக்கிறது: திரையில் வாசகங்களும் படங்களும் விழும் ஏற்பாட்டை வைத்திருக்கும் வாசிப்புப் பதிப்பு, அதை விட்டுவிட்ட நடிப்புப் பதிப்பு. 1945 பிராட்வே மேடையேற்றத்திலும் அந்தத் திரை இல்லை. எதை வைத்து வேலை செய்கிறீர்கள் என்று குழுவில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேடையில் கொம்பு உடைய வேண்டிய யூனிகார்ன் பொம்மையைக் கண்ணாடியில் செய்யாதீர்கள், அக்ரிலிக் உடல், மெழுகில் ஒட்டிய கொம்பு. சரி, மூன்று வரி ஆகிவிட்டது.

கூத்துக்கட்டி:

ஆல்பீயின் ‘ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்?’ வராமல் இந்த இழை முடியாது. 1962 அக்டோபர் 13, பில்லி ரோஸ் அரங்கு, இயக்கம் ஆலன் ஷ்னைடர். நீளம் காரணமாக மதியக் காட்சிகளுக்குத் தனி நடிகர் குழுவே இருந்தது. தலைப்பின் பொருள் மாயைகள் இல்லாமல் வாழ யாருக்குப் பயம் என்பதுதான் என்று ஆல்பீயே விளக்கியிருக்கிறார்.

ஜார்ஜ், மார்த்தா தம்பதிக்கு ஒரு கற்பனை மகன். அவனுக்கு விதிமுறை உண்டு: வெளியாரிடம் பேசக் கூடாது. விருந்தினரான நிக்கும் அவன் மனைவி ஹனியும் கதவைத் தட்டுவதற்குள் ஜார்ஜ் எச்சரிக்கிறான். மார்த்தா மாடியில் ஹனியிடம் சொல்லிவிடுகிறாள், அந்தப் பெண் இறங்கி வந்து அப்பாவியாக, உங்களுக்கு மகன் இருப்பது இப்போதுதான் தெரிந்தது என்கிறாள். நாடகத்தின் அச்சாணி அந்த வரி. மார்த்தா விதியை மீறியது பார்வையாளர் எதிரே நடப்பதில்லை, ஜார்ஜின் முகத்தில்தான் தெரிகிறது. ஜார்ஜாக நடிப்பவர் அங்கே ஒரு கணம் நிற்கவில்லை என்றால், மூன்றாம் அங்கத்தில் அவன் செய்வது வெறும் பழிவாங்கலாகத் தோன்றும்.

மற்றபடி மகன் கற்பனை என்று நடிகர்கள் கண்சிமிட்டக் கூடாது. கண் நிறம் நீலமா பச்சையா என்ற சண்டையை, பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் போடும் சண்டையாகவே போட வேண்டும். நாளை அவனுக்கு 21 வயது. அவன் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது என்கிறான் ஜார்ஜ். தந்தி எங்கே? ஜார்ஜே தின்றுவிட்டானாம். மகன் முள்ளம்பன்றி மேல் ஏற்றாமலிருக்கக் காரைத் திருப்பி மரத்தில் மோதினானாம், சட்டைப்பையில் பழகுநர் உரிமமாம். இரண்டாம் அங்கத்தில் ஜார்ஜ் சொன்ன பழைய கதையிலும் இதே விபத்து, இதே உரிமம். அந்த முதல் கதையை வேகமாகக் கடந்துவிடும் தயாரிப்புகளில், இது எதிரொலி என்று யாருக்கும் பிடிபடுவதில்லை.

பிரதிமேய்ப்பர்:

ஒரு மறுப்பு. மாயை ஒழிந்தது, விடுதலை கிடைத்தது என்று கடைசிப் பக்கத்தைப் படிப்பவர்களே அதிகம். பிரதியில் அந்த உறுதி இல்லை. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது, மெதுவாக, மென்மையாக என்றுதான் மேடைக் குறிப்பு. யாருக்குப் பயம் என்ற கேள்விக்கு மார்த்தாவின் பதில், எனக்குத்தான் என்பது.

கூத்துக்கட்டி:

விடுதலை என்று நானும் சொல்லவில்லை, தோழர். ஐஸ்மேனில் அதே அறுவைச் சிகிச்சையைச் செய்த ஹிக்கிக்குப் பிறகு எல்லாரும் பழைய பொய்க்கே ஓடுகிறார்கள், முன்னாள் அராஜகவாதி லாரியையும் மாடியிலிருந்து குதித்துச் சாகும் பாரிட்டையும் தவிர. ஆல்பீ திரும்பும் வழியை அடைக்கிறார், அவ்வளவே. அதனால் கடைசிக் காட்சியில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வது, விடியல் வெளிச்சத்தைப் பொன்னிறமாக ஏற்றுவது எல்லாம் வேண்டாம்.

சின்னக் குழுக்களுக்கு ‘தி ஜூ ஸ்டோரி’ போதும். 1959இல் பெர்லினில் முதலில் மேடையேறியது. 2 நடிகர், பூங்கா பெஞ்சு, ஒரு மணி நேரத்துக்குள். ஜெர்ரியின் நாய்க் கதைதான் கண்டம்: ஹாம்பர்கர் கொடுத்துப் பார்ப்பது, விஷம் வைப்பது, பிறகு நாயும் அவனும் ஒருவரையொருவர் பார்த்து நிற்பது. இந்த மூன்றையும் தனித்தனி வேகத்தில் பிரித்துக்கொள்ளாவிட்டால் பீட்டருக்கு முன்பே பார்வையாளர் தூங்கிவிடுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பீட்டருக்கும் ஒத்திகை தேவை, இதைப் பாதிப் பேர் மறக்கிறார்கள்.

ஒளிமேடை:

ஷெப்பர்டின் ‘பரீட் சைல்ட்’ (1978, சான்ஃபிரான்சிஸ்கோ மேஜிக் தியேட்டர்) போட நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: டில்டன் கொல்லையிலிருந்து அள்ளி வரும் சோளம் தோலோடு பச்சையாக இருக்க வேண்டும், மேடையிலேயே உரிக்கிறான். அங்கே 1935க்குப் பிறகு சோளமே விதைக்கவில்லை என்கிறார் அப்பா டாட்ஜ். பிளாஸ்டிக் சோளம் வைத்தால் அது கனவாகிவிடும். கையில் ஈரமும் நாரும் ஒட்டும் சோளம் இருந்தால்தான் யார் சொல்வது நிஜம் என்ற குழப்பம் நிற்கும். ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் புதிதாக வாங்கப் பட்ஜெட்டில் இடம் விடுங்கள், உரித்த தோல் வழுக்கும், காட்சி மாற்றத்தில் கூட்டிவிடுங்கள்.

முன்வரிசை:

உரிமம் பற்றித் தனிமடலில் கேட்டவர்களுக்கும் சேர்த்து: இங்கே பேசிய நாடகங்களை மேடையேற்ற அனுமதி வாங்க வேண்டும், இலவசக் காட்சிக்கும் பொதுவாக இது பொருந்தும். வசனம் வெட்டுவதற்கும், மொழிபெயர்த்துப் போடுவதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். ஆல்பீ தரப்பு நடிகர் தேர்விலும் கறார் காட்டியது உண்டு: 2017இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நிக் பாத்திரத்துக்குக் கறுப்பின நடிகரைப் போட்டதால் வர்ஜீனியா உல்ஃப் நாடகத்துக்கு அனுமதி மறுத்து, பெரிய விவாதமாகியது. அரங்கு முன்பதிவு செய்வதற்கு முன்னாலேயே விண்ணப்பித்துவிடுங்கள், விண்ணப்பத்தில் எந்தப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள்.