டெயில் லேம்ப் ஓவல் ஓட்டை: எல்லாம் ஒரே அளவில் வர என்ன வழி?

பீன்யா பாடிக்கடை:
பெங்களூரு பீன்யாவில் சின்ன ஷெட் வைத்திருக்கிறேன். பிக்கப் வண்டிகளுக்குப் பின்பக்க பாடி கட்டுகிறோம். பின் தகடு 1.6 மி.மீ. சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு). ஜே.சி. ரோட்டில் வாங்கும் ஓவல் எல்.இ.டி. லேம்ப், சுற்றிலும் அதைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் வளையம் (குரோமெட்). அது உட்கார 170-க்கு 60 மி.மீ. ஓட்டை வேண்டும், இரண்டு முனையும் அரைவட்டம். பையன்கள் கிரைண்டரில் வெட்டி அரம் போட்டு முடிக்கிறார்கள். ஒன்று கச்சிதமாக வரும், பக்கத்தில் இருப்பது இரண்டு மி.மீ. பெரிதாகிவிடும். அப்புறம் ரப்பர் பிடிக்காமல் லேம்ப் ஆடுகிறது. பாதி வேலை புதுத் தகடு, மீதி ஏற்கெனவே வண்டியில் வெல்டிங் ஆன பழைய பாடி. பெரிய மெஷின் வாங்க வழியில்லை.

ஷீட்மெட்டல் சேலம்:
புதுத் தகட்டுக்கு ஏன் சார் இந்தப் பாடு? பீன்யாவிலேயே இருக்கிறீர்கள், தடுக்கி விழுந்தால் லேசர் கட்டிங் கடை. கம்ப்யூட்டரில் டி.எக்ஸ்.எஃப். வரைபடக் கோப்பாக வரைந்து கொடுத்தால் ஓட்டையோடு தகடு வந்துவிடும். முதலில் ஒரு துண்டு மட்டும் வெட்டி ரப்பரை மாட்டிப் பாருங்கள். பெண்டிங் கோட்டுக்கு மிக அருகில் ஓட்டை வைத்தால் வளைக்கும்போது வாய் கோணிவிடும். தகட்டுத் தடிமனில் இரண்டரை மடங்கு, அதோடு வளைவின் ஆரம், இவ்வளவாவது தள்ளி வையுங்கள். நீளமான ஓட்டை என்பதால் இன்னும் தாராளமாக விட்டால் நல்லது.

பழைய டூல்ரூம்:
லேசர் யோசனை சரிதான் தம்பி. ஆனால் வண்டியில் ஏறிவிட்ட தகட்டை யார் கழற்றிக் கொண்டுபோவது? அதற்கு ஒரு ஜிக், அதாவது துளை எப்போதும் ஒரே இடத்தில் விழ வழிகாட்டும் அச்சு, செய்துகொள்ளுங்கள்.

170-இல் 60 போனால் 110. அதுதான் இரண்டு அரைவட்டங்களின் மையத்துக்கும் இடையே உள்ள தூரம். 10 மி.மீ. பிளேட்டில் 110 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டு, ஹோல் சாவின் (வட்டமாக வெட்டும் கிண்ண ரம்பம்) நடுவில் இருக்கும் பைலட் டிரில் அளவுக்கு ஹார்டன் செய்த புஷ் (கடினமாக்கிய எஃகு வளையம்) இறக்குங்கள். புஷ் இல்லாமல் வெறும் துளையோடு விட்டால் சீக்கிரமே தேய்ந்து மையம் அலையும். பிளேட்டின் ஓரத்தில் ஒரு ஸ்டாப்பர் வேண்டும், அது தகட்டின் விளிம்பில் போய் முட்டி நிற்கும். ஸ்டாப்பர் பிளேட்டின் மேல்முகம், கீழ்முகம் இரண்டிலும் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வையுங்கள். இடது பக்கம் முடிந்ததும் ஜிக்கைத் திருப்பிப் போட்டால் வலது பக்கம் அதே இடத்தில் வரும். இரண்டு பக்கமும் சமச்சீராக இருக்க வேண்டும் என்று வண்டி விளக்குகளைப் பொருத்துவதற்கான இந்தியத் தரவிதி ஏ.ஐ.எஸ்.-008 சொல்கிறது, டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கும் வேலையும் மிச்சம்.

ஜிக்கை வைத்துப் பைலட் துளை மட்டும் போடுங்கள். ஜிக்கை எடுத்துவிட்டு 60 மி.மீ. பைமெட்டல் ஹோல் சாவால் இரண்டு வட்டமும் எடுங்கள். நிமிடத்துக்கு 150 சுற்றுக்கு மேல் வேண்டாம், கொஞ்சம் கட்டிங் ஆயில் விடுங்கள். டிரில்லை முழு வேகத்தில் ஓட்டிப் பல்லைக் கருக்கிவிட்டு பிளேடு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவில் மிச்சமிருப்பது இரண்டு நேர்க்கோடுதான். ஒரு பட்டையை கிளாம்ப் செய்து ஜிக் சாவை அதன் மேல் சாய்த்து ஓட்டுங்கள். அங்குலத்துக்கு 24 பல்லுக்குக் குறையாத பிளேடு, பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் ஆர்பிட்டல் சுவிட்ச் பூஜ்யத்தில். பெயின்ட் அடித்த பாடி என்றால் ஜிக் சாவின் அடித்தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

பீன்யா பாடிக்கடை:
அண்ணே, பஞ்ச்-டை (ஓட்டையின் வடிவிலேயே தகட்டை அடித்து வெட்டும் அச்சு ஜோடி) செய்து 20 டன் பிரஸ்ஸில் ஒரே அடியாகத் தட்ட முடியாதா? பிரஸ் ஷெட்டில் சும்மா கிடக்கிறது. பக்கத்து ஷெட்காரர் பிளாஸ்மா கட்டர் (மின்சூட்டில் தகட்டை உருக்கி வெட்டும் கருவி) போதும் என்கிறார்.

பழைய டூல்ரூம்:
கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டையின் சுற்றளவு 408 மி.மீ., தடிமன் 1.6, மைல்டு ஸ்டீலின் வெட்டு வலிமை சதுர மி.மீ.க்குச் சுமார் 350 நியூட்டன். மூன்றையும் பெருக்கினால் 2,28,000 நியூட்டன் தாண்டும், அதாவது 23 டன். உங்கள் பிரஸ் திணறும். பஞ்ச் முகத்தைச் சற்றுச் சரிவாகத் தீட்டினால் ஒரே நேரத்தில் முழுச் சுற்றும் வெட்டாது, டன் குறையும். பஞ்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ. போல இடைவெளி வேண்டும். மாதா மாதம் ஒரே லேம்ப்தான் என்றால் செய்யலாம். லேம்ப் மாடல் மாறினால் டை இரும்புக்கடைக்குத்தான்.

பிளாஸ்மாவுக்கும் டெம்ப்ளேட் வேண்டும், அதுவும் ஒவ்வொரு பக்கமும் நாசிலின் (டார்ச்சின் முனை) பாதி விட்டம் அளவு பெரிதாக. இவ்வளவு மெல்லிய தகடு சூட்டில் நெளியும், அடியில் கசடு ஒட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடாக இருந்தால் துத்தநாகப் புகை வேறு. மூடிய ஷெட்டில் கூடவே கூடாது.

ஷீட்மெட்டல் சேலம்:
ஒன்று விட்டுப்போச்சு. எந்த வழியில் வெட்டினாலும் பிசிறு எடுத்துவிட்டு விளிம்பில் ஜிங்க் பிரைமர் அடித்துக் காயவிட்டுத்தான் ரப்பரை மாட்ட வேண்டும். ரப்பர் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். ரப்பர் நுழையவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம்.

பீன்யா பாடிக்கடை:
சரி, புதுத் தகடு லேசருக்கு. ஜிக்குக்கு நாளைக்கு எஸ்.பி. ரோட்டில் புஷ் தேடுகிறேன். அண்ணே, பைலட் டிரில் 6 மி.மீ.யா, கால் அங்குலமா?

பழைய டூல்ரூம்:
இரண்டும் வருகிறது. ஹோல் சாவைத் தாங்கும் தண்டான ஆர்பரை முதலில் வாங்கி, அதில் உள்ள டிரில்லை அளந்துவிட்டு அப்புறம் புஷ் வாங்குங்கள்.