துலோன் கால்பந்துப் போட்டியை யாராவது தொடர்ந்து பார்க்கிறீர்களா?

பிரான்சில் நடக்கும் மோரிஸ் ரெவெல்லோ கோப்பை, அதுதான் பழைய துலோன் போட்டி, வெறும் நட்புப் போட்டி என்கிறார்களே, அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு? ஜெயித்தால் எதற்காவது தகுதி கிடைக்குமா?

பதில் 1:
தகுதி ஒன்றும் கிடைக்காது தம்பி. அழைப்பின் பேரில் வரும் இளையோர் தேசிய அணிகள்தான் ஆடும். ஆனால் 1991-ல் இங்கிலாந்தின் ஷியரர் நான்கு ஆட்டங்களில் 7 கோல் அடித்தது இங்கேதான், 1998-ல் சிறந்த வீரர் அர்ஜென்டினாவின் ரிக்கெல்மே, 2011-ல் கொலம்பியா கோப்பையைத் தூக்கியபோது ஹாமெஸ் ரோட்ரிகஸ்... பிற்கால நட்சத்திரங்களை மீசை முளைக்கும் வயதில் பார்க்கலாம், அதற்காகவே நான் பார்க்கிறேன்.

பதில் 2:
அது சரி அண்ணா, ஆனால் பட்டத்தை வைத்து ஒரு நாட்டை எடை போடக் கூடாது. கிளப்புகள் நல்ல பையன்களை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டால் பாதி அணி இரண்டாம் வரிசைதான். இங்கிலாந்து 2016, 17, 18 என்று வரிசையாக மூன்று முறை ஜெயித்தது, முதல் முறை பயிற்சியாளர் சவுத்கேட்.

கேட்டவர்:
சின்ன நாடுகளுக்கு வாய்ப்பே இல்லையா?

பதில் 1:
ஏன் இல்லை? 2023-ல் பனாமா, 2024-ல் உக்ரைன். உக்ரைனுக்கு அது பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு முந்தைய ஒத்திகையும்கூட. இன்னொன்று, ரொம்ப காலம் ஆட்டமே வழக்கமான 90 இல்லை, 80 நிமிடம்தான், முதல் தடவை பார்த்தபோது நடுவர் கடிகாரம் வேகமாக ஓடிவிட்டதோ என்று நினைத்தேன்!