ராத்திரியிலும் ஆறாத வெக்கை: உங்க ஊரில் எப்படி?

மாம்பலவாசி:
போன மே மாசம், ராத்திரி பதினொன்றரை, கரண்ட் இல்லை. அப்பாவைக் கூட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். செருப்பைக் கழட்டினா தரை சுடுது. அவர் முகம் கழுவட்டும்னு குழாயைத் திறந்துவிட்டேன். கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு, "வெந்நீரை ஏன்டா திறந்தே?"ன்னார். தொட்டித் தண்ணிதான் அது. சூரியன் மறைஞ்சு அஞ்சு மணி நேரம் ஆச்சு. எண்பது வயசு மனுஷன். அதே வாரம் மதுராந்தகத்தில் அக்கா வீட்டில் விடியக்காலை ஃபேனைக் குறைச்சு வச்சோம்.

அடையாறுக்காரன்:
கடற்காற்று உள்ளே வராத நாளில் சென்னை எப்பவுமே இப்படித்தான். 2003 மே 31 அன்னைக்கு நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அப்ப இத்தனை அடுக்குமாடி ஏது? கட்டடத்தை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. ஆனா ஒண்ணு. ராத்திரி வண்டியில் சர்தார் படேல் ரோட்டில் கிண்டிக் காட்டை ஒட்டி வரும்போது சட்டைக்குள்ள சில்லுன்னு காத்து புகும். மத்திய கைலாஷ் வந்ததும் போயிடும்.

டெல்லித் தமிழன்:
அடையாறு நண்பரே, நீங்க சொல்றது பகல் உச்சம். அவர் சொல்றது ராத்திரி. ரெண்டும் வேற கணக்கு. ஜூன் முதல் வாரம், உச்சி வேளை, ரோத்தக்கிலிருந்து பஸ்ல வந்தேன். கோதுமை அறுத்த வெறும் நிலம், லூன்னு வடக்கே சொல்ற அனல் காத்து முகத்தைப் பொசுக்குச்சு. டெல்லிக்குள்ள வேப்பமர ரோட்டுக்கு வந்தப்புறம்தான் மூச்சே வந்துச்சு. மழைக்கு முந்தின மாசங்களில் பகல்ல, நகரத்துத் தரை சுத்தியிருக்கிற காய்ஞ்ச வயலைவிடச் சூடு குறைவா இருக்கிறதை செயற்கைக்கோள் பதிவுகளும் காட்டுது. ராத்திரி தலைகீழ். வயல் சீக்கிரம் ஆறிடும், கரோல் பாக் சந்து ஆறாது.

மதுரை மேஸ்திரி மகன்:
மாம்பலவாசி, கான்கிரீட் பகல் பூரா வாங்கின சூட்டை ராத்திரிதான் விடுது. ரெண்டு பக்கமும் உசந்த சுவர், நடுவில் ஒடுங்கின தெரு. வானம் கொஞ்சமா தெரிஞ்சா சூடு மேல போக வழியும் கொஞ்சம்தான். ஒவ்வொரு ஏசியும் வீட்டுச் சூட்டைத் தெருவில் கொட்டுது. பங்குனியிலேயே மாடிக்கு ரெண்டு கை சுண்ணாம்பு அடிச்சிடுங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி பாசியைச் சுரண்டணும், இல்லேன்னா உரிஞ்சு வந்துடும். தொட்டி கறுப்புன்னா வெள்ளை அடிங்க, முடியலேன்னா மேல கீத்து போடுங்க. அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் கூரையில் செங்கல்லைக் குத்தா அடுக்கி சுண்ணாம்புக் காரை போடுவாங்க, அதுக்கு இன்னிக்கு ஆள் கிடைக்கல. எங்க மாடியில் சுண்ணாம்பு அடிச்ச பாதியில் வெறுங்காலோட நின்னேன். அடிக்காத பாதியில் முடியல.

மாம்பலவாசி:
வாடகை வீடுங்க. ஓனரைக் கேட்டிருக்கேன். அப்பா இப்பல்லாம் குழாயைத் திறந்தா முதல்ல ஒரு விரலை மட்டும் நீட்டிப் பார்க்கிறார். மார்கழியிலும்.